குப்பை வண்டி, செப்டிக் டேங்க், தனி டம்ளர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிறர் அழுக்கைச் சுத்தம் செய்து பிழைக்கிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, மரியாதையாகப் பேசுவதைப் பற்றியவை. பேச்சு முக்கியம்தான். ஆனால் பேச்சில் காட்டும் மரியாதை குப்பை வாளியிலும் தொட்டி மூடியிலும் சம்பளச் சீட்டிலும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடங்களைத் தொட்ட கடிதங்களையே தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

*

எங்கள் தெருவுக்குப் பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரை நாங்கள் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தோம். ஆனால் அவர் வெறும் கையால்தான் குப்பையைக் கிளறிப் பிரிக்கிறார். கையுறை இருக்கிறதாம், போடுவதில்லை. சொல்லியும் கேட்பதில்லை. படிப்பறிவு இல்லாததுதான் காரணமா?
– வாசகி, திருச்சி

படிப்பறிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அம்மா. கையுறையைக் கையில் வாங்கிப் பாருங்கள், காரணம் தெரியும். பெரும்பாலும் கிடைப்பது இரண்டே வகை. ஒன்று, மெல்லிய ரப்பர் கையுறை. ஒரு தேங்காய்ச் சிரட்டை உரசினாலே கிழிந்துவிடும். இன்னொன்று முழங்கை வரை வரும் தடித்த ரப்பர். போட்ட பத்தாவது நிமிடம் உள்ளே வியர்வை கட்டிக்கொள்ளும், கால் மணி நேரத்தில் விரல் நுனி ஊறி வெளுத்துவிடும், பிளாஸ்டிக் கவரின் முடிச்சை அவிழ்க்கப் பிடிமானம் இருக்காது. போதாக்குறைக்கு எல்லோருக்கும் ஒரே அளவு. பெண்களின் கைக்கு அது விரல் நுனியில் ஒரு அங்குலம் தொங்கும். தொங்குகிற நுனி வண்டிக் கதவில் மாட்டும். அதனால்தான் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

காய்ந்த குப்பையைப் பிரிக்க ஏற்றது, உள்ளங்கையில் மட்டும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசிய பின்னல் கையுறை. கையின் பின்பக்கம் துணி என்பதால் காற்றோட்டம் இருக்கும், பிடியும் நன்றாக இருக்கும். ஈரக் குப்பைக்கு ரப்பர். இரண்டிலும் இரண்டிரண்டு ஜோடி வேண்டும், ஒன்று துவைத்துக் காயும்போது போட்டுக்கொள்ள இன்னொன்று. தீபாவளிக்குத் துணி எடுத்த நீங்கள் அடுத்த முறை அவருடைய கை அளவைக் கேட்டு இதையும் வாங்கிக் கொடுக்கலாம். கொடுக்க வேண்டியது வேலை தருபவர்தான். உங்கள் வார்டு அலுவலகத்தில் 'எந்த அளவில், ஆண்டுக்கு எத்தனை ஜோடி தருகிறீர்கள்' என்று எழுத்தில் கேளுங்கள். அளவைக் குறிப்பிட்டுக் கேட்டால் அளவோடு பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இந்தக் கையுறைகள் எதுவும் ஊசியைத் தடுக்காது. பிளேடையும் முழுக்கத் தடுக்காது. அதற்கு வேலை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

உடைந்த கண்ணாடியை நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டி, மேலே 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதுங்கள். கவரில் போட்டுக் கட்டினால் போதாது. கவரைத் தூக்குகிறவர் அடியில்தான் கை கொடுப்பார். சவர பிளேடுக்கு ஒரு பழைய தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டு, உண்டியல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பா பல மாதம் வரும். இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால், திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் தேவை. கழிவறை சுத்தம் செய்யும் திரவம் வந்த பாட்டிலைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் பாட்டில் வேண்டாம், ஊசி துளைத்துவிடும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, அபாயக் கழிவாகத் தனியே கையில் கொடுங்கள்.

நாப்கினையும் குழந்தைகளின் டயாப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துத் தருவதையும், நாப்கினைச் சுற்றித் தருவதையும் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டுக்காரரின் கடமை என்று சொல்லிவிட்டன. நாம் பிரிக்காமல் கொடுக்கும்போது அந்தக் கடமை அவர் விரல்களுக்குப் போய்விடுகிறது.

இன்னொன்று, சாம்பார், ரசம், சோறு வடித்த தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. இருநூறு வீட்டில் வீட்டுக்கு அரை லிட்டர் என்றாலும் அவர் தூக்கிக் கவிழ்ப்பது நூறு கிலோ வெறும் தண்ணீர். வாளி சாயும்போது அது முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கும். ஓட்டைப் பாத்திரத்தில் வடித்துவிட்டுப் போடுங்கள்.

*

நாங்கள் எட்டு வீடு உள்ள குடியிருப்பு. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரிக்காரர் பார்த்துவிட்டு, 'மேலே உள்ள தண்ணியைத்தான் எடுக்க முடியும், அடியில் கட்டி பிடிச்சிருக்கு, ஆள் இறங்கித்தான் வெட்டி எடுக்கணும், தனியா காசு' என்கிறார். இறங்குவதற்கு அவரே ஆள் கூட்டி வருவாராம். 'எத்தனையோ டேங்க்கில் இறங்கியிருக்கான், ஒண்ணும் ஆகாது' என்கிறார். சங்கத்தில் சிலர் சரி என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– குடியிருப்புச் சங்கச் செயலாளர், கோவை

உங்கள் மனசு சொல்வதே சரி. இறக்காதீர்கள். இந்த ஒரு வரி போதும் என்றாலும், சங்கக் கூட்டத்தில் நீங்கள் வாதாட வேண்டியிருக்கும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறோம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது. காற்றில்லாத தொட்டியில் மலம் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், ஆகவே அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது இதுதான். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு அளவை நெருங்கும்போது மூக்கின் மோப்பமே மரத்துவிடும். 'நாத்தம் குறைஞ்சிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். அந்த அளவு 700, 1000 என்று ஏறினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார்.

'எத்தனையோ முறை இறங்கியிருக்கான்' என்கிறாரே, அதற்கும் பதில் இருக்கிறது. அந்த வாயு கட்டிக்குள்ளும் அடைந்திருக்கிறது. கடப்பாரையால் அதை வெட்டும்போது சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த மாதிரி ஒரேயடியாக வெளியே வரும். ஆகவே இறங்கும்போது ஒன்றும் ஆகாது, ஐந்து நிமிடம் கழித்து வெட்டும்போது ஆகும். எந்தக் கட்டியில் எவ்வளவு அடைந்திருக்கிறது என்று மேலே நிற்கிற யாருக்கும் தெரியாது. நேற்று வேறு தொட்டியில் பிழைத்தது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

சிலர் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள். அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று கணக்கு. இது இரண்டு வகையில் தப்பு. ஆளைக் கொல்லப் போதுமான ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டே இருக்கும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் அதே மெழுகுவர்த்தியில் தொட்டி வெடிக்கும். முகத்தில் துண்டு கட்டுவதும், மருந்துக்கடை முகக்கவசமும் வாயுவுக்கு ஒன்றுமே செய்யாது. இடுப்பில் கயிறு கட்டி இறக்கினால் தூக்கிவிடலாம் என்பார்கள். மயங்கிய உடம்பு இடுப்பில் மடிந்து இரண்டாக வளையும், குறுகிய மூடித் துளை வழியாக மேலே வராது.

இந்தச் சாவுகள் பல நேரம் ஒன்றோடு நிற்பதில்லை என்பதற்கும் காரணம் இதுதான். முதல் ஆள் விழுந்ததும் தம்பியோ கூட்டாளியோ அவரைத் தூக்க இறங்குவார். அடுத்து வீட்டுக்காரர் இறங்குவார். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் எவரையும் இறங்க விடாதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, அல்லது 112. அவர்கள் வரும்வரை எல்லா மூடியையும் திறந்து, ஊதுவிசிறி இருந்தால் தள்ளி வைத்து வெளிக்காற்றை உள்ளே அடியுங்கள். சுவிட்சைத் தொட்டியின் வாயருகே போடாதீர்கள், பொறி ஆபத்து.

அடுத்து சட்டம். கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம் 2013-இன் 7-ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்க்கிலோ அபாயகரமான முறையில் சுத்தம் செய்ய ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்துவதைத் தடை செய்கிறது. தடை எல்லோருக்கும்தான். 'லாரிக்காரர்தான் ஆள் கூட்டி வந்தார்' என்று சங்கம் கைகழுவ முடியாது, 'மறைமுகமாக' என்ற சொல் அதற்காகவே இருக்கிறது. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். தவிர்க்கவே முடியாத சூழலில் ஆள் இறங்க வேண்டுமென்றால், முழுப் பாதுகாப்புக் கருவிகளோடு, உள்ளாட்சி அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதியோடுதான் முடியும். சங்கத் தீர்மானம் அந்த அனுமதி ஆகாது. கழிவுநீர்ச் சாவுக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது. இதையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள்.

சரி, தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வது? அடிக்கட்டியை ஆள் இல்லாமலே எடுக்கலாம். லாரிக்காரர் முதலில் மேல்நீரை உறிஞ்சட்டும். பிறகு உறிஞ்சிய நீரில் கொஞ்சத்தை அதே குழாய் வழியாக வேகமாகத் திருப்பி அடித்தால் கட்டி கலங்கும். அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சும் ஜெட் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கலக்கிவிட்டு உடனே உறிஞ்ச வேண்டும், ஆறவிட்டால் மறுபடி படிந்துவிடும். இரண்டு நடை, மூன்று நடை ஆகலாம். செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவை எட்டு வீட்டுக்கும் பகிர்ந்துகொள்ளுங்கள். 'ஆள் இறங்கினால் குறைவு' என்று சொல்லப்படும் காசு எதை ஈடு வைத்துக் குறைகிறது என்று யோசியுங்கள்.

லாரி வருவதற்கு முன்பே மூடிகளைத் திறந்து வையுங்கள். அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு, ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டத் துடைக்க வேண்டியதில்லை. அடியில் கொஞ்சம் பழைய கசடு இருந்தால்தான் செரிமானம் மறுபடி சீக்கிரம் தொடங்கும். 'பளிச்சென்று கழுவணும்' என்று கேட்கிற வீட்டுக்காரர்தான் பல நேரம் ஆள் இறங்கக் காரணமாகிறார். லாரி எங்கே போய்க் கொட்டும் என்பதையும் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். ஏரி, வாய்க்கால் என்றால் வேறு வண்டி பாருங்கள். உரிமம் பெற்ற வண்டிக்கு 14420 என்ற உதவி எண்ணில் கூப்பிடலாம்.

கட்டி ஏன் பிடித்தது என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை எட்டு பத்து ஆண்டு விட்டிருப்பீர்கள். நாப்கின், ஆணுறை, ஈரத் துடைப்புத் தாள், பாத்திரம் தேய்த்த மணல் எல்லாம் சேர்ந்தால் கட்டி பாறையாகும். கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியில் நின்றே அளக்கலாம். நீளமான குச்சியின் அடிப்பக்கம் மூன்று நான்கு அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மூடி வழியாக மெல்லத் தரை தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் கழித்து எடுங்கள். கறுப்பு ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. முகத்தைத் துளைக்கு நேரே நீட்டாமல் நின்றபடியே செய்யுங்கள். தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டதுமே லாரியைக் கூப்பிட்டால், 'ஆள் இறங்கணும்' என்ற பேச்சுக்கே இடம் வராது.

*

'துப்புரவுப் பணியாளர்' என்பதை 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றியதால் என்ன மாறியது?
– வாசகர், சேலம்

தமிழக அரசு 2020-இல் அந்தப் பெயரை மாற்றியது. இரண்டு சொல்லுக்கும் இன்றைய பொருள் ஒன்றுதான். 'துப்புரவு' கெட்ட சொல்லே அல்ல. திருக்குறளில் அது உணவு முதலான நுகர்பொருளைக் குறிக்கும், பிற்காலத்தில் சுத்தம் என்றாயிற்று. அந்தச் சொல்லைக் கறைப்படுத்தியது அதை உச்சரித்தவர்களின் குரல். வேலை இன்ன சாதிக்கு என்று பிறப்பிலேயே ஒதுக்கி வைத்திருக்கும்வரை புதுச் சொல்லும் பழையதாகும். ஒருவர் துப்புரவு வேலையே செய்யாவிட்டாலும் பிறப்பால் அந்த முத்திரை அவர் மேல் இருக்கிறது என்று அம்பேத்கர் சுட்டிக்காட்டியதை இங்கே நினைக்க வேண்டும். இருந்தாலும் பெயர் மாற்றம் வேண்டாததல்ல. அடையாள அட்டையில் அச்சாகும் சொல் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம் வரை போகிறது. வீட்டில் 'குப்பைக்காரன் வந்துட்டான்' என்று குரல் கொடுப்பதை 'குப்பை வண்டி வந்திருக்கு' என்று மாற்ற ஒரு நாள் போதும். குழந்தைகள் ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

*

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு மாமியார் தனி டம்ளர் வைத்திருக்கிறார். கொல்லைப்புற ஜன்னலில் கவிழ்த்திருக்கும். கேட்டால் 'சுத்தத்துக்குத்தான்' என்கிறார். அந்த அம்மாவும் 'இருக்கட்டும் கண்ணு, எனக்குப் பழகிடுச்சு' என்கிறார். நான் சண்டை போட வேண்டுமா?
– வாசகி, மதுரை

சண்டை வேண்டாம், அந்த டம்ளர் மட்டும் இல்லாமல் போகட்டும். உங்கள் வீட்டு டம்ளர் முழுக்கக் கழுவுவது அந்த அம்மாவின் கைதானே? அப்படியிருக்க 'சுத்தம்' என்பது காரணமே ஆகாது. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தால் அது தீண்டாமைக் குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அடுக்களையில் வைத்தாலும் அதன் பொருள் மாறுவதில்லை. ஒரே மாதிரி டம்ளர் ஒரு டஜன் வாங்குங்கள். பழையவற்றை எல்லாம், உங்களுடையதும் மாமியாருடையதும் உட்பட, பரண் மேல் ஏற்றிவிடுங்கள். எது யாருடையது என்று அடையாளம் தெரியாதபோது பழக்கம் தானே போகும். காபியை நீங்கள் கலந்து, உங்களுக்கும் ஊற்றி, அவருக்கும் கையில் கொடுங்கள். உட்கார நாற்காலியோ ஸ்டூலோ காட்டுங்கள். 'பழகிடுச்சு' என்று அவர் சொல்வதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் உள்ளவர் வேறு என்ன சொல்வார்?

டம்ளரோடு விஷயம் முடியவில்லை. உங்கள் கழிவறையை அவர் கழுவுகிறார், அவசரத்துக்குப் பயன்படுத்தலாமா? பல வீட்டில் இது வாய்விட்டுச் சொல்லப்படாத தடை. நாலு வீடு பார்க்கும் பெண்கள் அதனாலேயே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள். 'எது வேண்டுமானாலும் கேளுங்க' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இந்த பாத்ரூம் நீங்களும் போகலாம், சோப்பு இங்கே இருக்கு' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தரை துடைப்பது அடுத்தது. முழங்காலை ஊன்றித் துடைப்பதால் முட்டிச் சிப்பிக்கு முன்னால் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு மருத்துவத்தில் 'வீட்டுப் பணிப்பெண் முழங்கால்' என்றே பெயர். குச்சி வைத்த துடைப்பான் வாங்குங்கள். குச்சி அவருடைய தாடை உயரத்துக்கு வர வேண்டும், குட்டையானால் முதுகு வளையும். பிழியும் வாளியோடு வாங்கினால் மணிக்கட்டு தப்பும். 'குனிஞ்சு துடைச்சாத்தான் மூலை சுத்தமாகும்' என்பார்கள். மூலைக்கு வாரம் ஒருமுறை போதும்.

கழிவறைக்கு ஆசிட் கலந்த திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பூட்டிய குளியலறையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து, இருமல் நிற்காது. ஒன்றைப் போட்டு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, இன்னொரு நாள்தான் மற்றது. பாட்டிலில் இருப்பது என்ன என்று படிக்கத் தெரியாதவர் என்றால் ஆசிட் பாட்டிலில் சிவப்பு டேப் ஒட்டி வையுங்கள்.

சம்பளத்துக்கு ஒரு காலண்டர் போதும். எந்த வேலை, எத்தனை மணி, எவ்வளவு, மாதம் எத்தனை நாள் சம்பளத்தோடு லீவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்தால் பாத்திரம் இரட்டிப்பாகும், அன்றைக்குக் கூடுதல் காசு என்றும் எழுதுங்கள். இது எழுதப்படாததால்தான் முணுமுணுப்பு வருகிறது. சம்பளம் ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. நீங்கள் ஊருக்குப் போன பத்து நாளைப் பிடிக்காதீர்கள், அவர் வர மறுக்கவில்லையே. போனஸ் என்றால் பணம், பழைய புடவை அதற்கு ஈடாகாது. சாப்பாடு கொடுப்பதானால் நீங்கள் சாப்பிடும் முன் எடுத்து வைத்துக் கொடுங்கள். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம் ஆகியவற்றுக்கு உதவியும், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியமும் உண்டு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு தொழிலாளர் நலத்துறை இணையதளத்தில் பதியலாம். வேலை செய்வதற்குச் சான்று கேட்கும்போது பல வீட்டுக்காரர்கள் 'நாளைக்கு ஏதாவது பிரச்சினை வரும்' என்று கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து நீங்களே பதிந்தும் கொடுங்கள்.

*

துணிக்கடையில் சேல்ஸ் வேலை. காலை 9.30 முதல் இரவு 9.30. கூட்டம் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. சட்டம் வந்துவிட்டது என்கிறார்களே?
– ஒரு விற்பனைப் பெண், சென்னை

வந்துவிட்டது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியருக்கும் ஏற்ற இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும். ஆறு பேர் நிற்கும் கவுன்டருக்கு ஒரே ஸ்டூல் போட்டுவிட்டு 'இருக்கை இருக்கிறதே' என்பது செல்லாது. ஸ்டூல் இருந்தும் மேற்பார்வையாளர் முறைப்பதால் யாரும் உட்காரவில்லை என்பதும் சட்டமீறல்தான். புகாரைத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுக்கலாம். தனியாகக் கொடுத்தால் உங்களை அடையாளம் கண்டுவிடுவார்கள், தொழிற்சங்கத்தின் பெயரில் கொடுப்பது பாதுகாப்பு. அதுவரை இரண்டு காலிலும் சமமாக நிற்காமல் ஒரு காலைச் சிறு பலகை மேல் மாற்றி மாற்றி வையுங்கள், குதிகாலை அடிக்கடி உயர்த்தி இறக்குங்கள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

*

நான் ஆசிரியர். உழைப்பின் மதிப்பை மாணவர்கள் உணர வேண்டும் என்று பள்ளிக் கழிவறையைச் சுத்தம் செய்யப் பட்டியல் போட்டேன். பெற்றோர் சிலர் எதிர்க்கிறார்கள். நோக்கம் நல்லதுதானே?
– ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பட்டியலை எடுத்து, முதல் மாதம் யார் யார் பெயர் வந்தது என்று பாருங்கள். கடைசி பெஞ்சு, தாமதமாக வந்தவர், 'சொன்னால் கேட்கிற பையன்' என்று கை போன பெயர்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை? அது ஒரே தெருவாக இருந்தால் அங்கே நடந்தது உழைப்புக் கல்வி இல்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரைத் துப்புரவு செய்யவோ பெருக்கவோ கட்டாயப்படுத்துவது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955-இன் 7-ஏ பிரிவின்படி குற்றம்.

எல்லோர் பெயரும் வந்திருந்தாலும் கழிவறை வேண்டாம். ஆசிட், தொற்று, வழுக்கும் தரை, இவை சிறுவர் வேலை அல்ல. அதற்கு ஊதியத்துக்கு ஆள் அமர்த்துவது பள்ளியின் பொறுப்பு. ஜப்பானில் பிள்ளைகள் வகுப்பறை பெருக்குவதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே பிறப்பைப் பார்த்துத் துடைப்பத்தைக் கையில் கொடுப்பதில்லை என்ற வித்தியாசத்தை மறக்கக் கூடாது. காந்தி 1901 கல்கத்தா காங்கிரசில் கழிவறையைச் சுத்தம் செய்தபோது துடைப்பத்தைத் தானே கேட்டு வாங்கினார், பிறர் கையில் திணிக்கவில்லை.

வகுப்பறை பெருக்குதல், கரும்பலகை, குடிநீர்ப் பானை, செடிகள் என்று நான்கு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டின் அகரவரிசையில் நான்கு நான்கு பேராகச் சுற்றட்டும். ஆண், பெண் கலந்து வரட்டும், பெருக்குவது பெண்களுக்கு என்று பிரிக்காதீர்கள். பட்டியலின் முதல் பெயர் உங்களுடையதாகவும் இரண்டாவது தலைமையாசிரியருடையதாகவும் இருக்கட்டும். தண்டனையாக யாருக்கும் துடைப்பம் கொடுக்காதீர்கள். துடைப்பத்தைத் தண்டனையாக்கிவிட்டு உழைப்பின் மதிப்பைப் பாடத்தில் நடத்த முடியாது.

*

மகன் பட்டதாரி. ஏஜென்சி மூலம் ஒரு மருத்துவமனையில் ஹவுஸ்கீப்பிங் வேலை. 'கக்கூஸ் கழுவுற வேலைக்கா படிக்க வச்சே' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். இதே வேலையைச் சிங்கப்பூரில் செய்யும் அக்காள் மகனை மட்டும் மெச்சுகிறார்கள். சம்பளமும் கையில் சரியாக வருவதில்லை.
– ஒரு தாய், நாகப்பட்டினம்

சொந்தக்காரர்கள் மெச்சுவது வேலையை அல்ல அம்மா, அங்கிருந்து வரும் பணத்தை. ஆகவே அவர்களுக்குப் பதில் சொல்வதை அப்புறம் வைத்துக்கொண்டு மகனின் சம்பளச் சீட்டை எடுங்கள். அங்கேதான் அவருக்கு அவமானம் நடக்க வாய்ப்பு அதிகம்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12,000, மொத்தம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். மகனிடம் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் 12 சதவீதம், 1,440 ரூபாய். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், 105 ரூபாய். இந்த இரண்டு கணக்கிலும் இவ்வளவுதான் பிடிக்கலாம். முதலாளி தன் பங்காக பி.எஃப். 12 சதவீதமும், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமும், அதாவது 455 ரூபாயும், தன் கையிலிருந்து கட்ட வேண்டும். சில ஏஜென்சிகள் இரண்டு பங்கையும் தொழிலாளியிடமே பிடித்துவிடுவார்கள். சீட்டில் பி.எஃப். 2,880 என்று இருந்தால் அதுதான் நடக்கிறது. சீருடை, அடையாள அட்டை, 'பயிற்சிக் கட்டணம்' என்று வேறு பிடித்தம் இருந்தால் எதன்படி என்று எழுத்தில் கேட்கலாம்.

பிடித்த பணம் கட்டப்படுகிறதா என்பது தனிக் கேள்வி. மகனின் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து பதிவு இல்லையென்றால் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஓராண்டு விட்டுவிட்டால் ஏஜென்சி பெயரையே மாற்றிக்கொண்டு போயிருக்கும். ஏஜென்சி சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய மருத்துவமனைக்கும் பொறுப்பு உண்டு, அங்குள்ள மனிதவள அலுவலரிடமும் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

வேலையிடத்தில் கேட்க வேண்டியவையும் உண்டு. மருத்துவமனையில் ஊசி, இரத்தம் பட்ட கழிவைத் தொடுகிறவருக்கு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணை போட்டிருக்க வேண்டும். மகனுக்குப் போட்டார்களா? கழிவுப் பைகள் வகைக்கு ஒரு நிறம் என்ற முறை மாறாமல் கட்டப்பட்டு வருகின்றனவா? ஊசி குத்திவிட்டால் உடனே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. அந்த நிமிடமே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 'திட்டுவாங்களோ' என்று மறைக்க வேண்டாம் என்று மகனிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.